பெயர் இருக்கிறது, செடி எங்கே? பழைய லில்லிகளை வளர்ப்பதும் காப்பதும்

பக்கத்து வீட்டுப் பாட்டி என் உள்ளங்கையில் கொட்டியபோது மிளகு என்றுதான் நினைத்தேன். அதே கறுப்பு, அதே உருட்டு. கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் பளபளப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகஸ்ட் மாதக் கடைசி. டொரன்டோவில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டாவது கோடை. வேலியோரம் ஆள் உயரத்துக்கு நின்ற செடியில், ஒவ்வொரு இலையும் தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு மணி உட்கார்ந்திருந்தது. விரலால் தட்டினாலே உதிர்ந்தது. சில மணிகள் செடியில் இருக்கும்போதே வெள்ளை நூல் மாதிரி வேரை நீட்டிக்கொண்டிருந்தன. ஓர் அங்குல ஆழத்தில் போட்டு மூடிவிட்டு மறந்துவிடு, மூன்றாம் வருஷம் பூக்கும் என்றார். அவருக்கு அதைக் கொடுத்தது அவருடைய மாமியாராம்.

மூன்றாம் வருஷம் பூத்தது. நல்ல ஆரஞ்சு நிறம், உடம்பெல்லாம் கறும்புள்ளி, இதழ்கள் பின்பக்கமாகச் சுருண்டு தலைகீழாகத் தொங்கும் பூ. புலி லில்லி என்பார்கள். பழைய லில்லிகள் பக்கம் என்னை இழுத்துவிட்டது அந்தச் செடிதான். பின்னால் எனக்குப் பெரிய நஷ்டத்தைக் கொடுத்ததும் அதே செடிதான். அதை அப்புறம் சொல்கிறேன்.

எது லில்லி, எது இல்லை

நம் ஊரில் லில்லி என்ற சொல்லை ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். மழை பெய்த மறுநாள் தொட்டியில் எட்டிப்பார்க்கும் மழை லில்லி, கால்வாயோரம் வெள்ளையாகப் பூக்கும் சிலந்தி லில்லி, குளத்து அல்லி, எல்லாமே லில்லி. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்கும் ஆங்கிலத்தில் லில்லி என்றுதான் பெயர். இவை எதுவும் தாவரவியல்படி லில்லி இல்லை. லில்லியம் என்ற பேரினத்தில் வருபவைதான் அசல் லில்லிகள். ஏறக்குறைய 100 இனங்கள். ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்காவின் குளிர்ந்த பகுதிகள்தான் அவற்றுக்குத் தாய்வீடு.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிச் சரிவுகளில் நீளமான வெள்ளைப் பூவோடு ஓர் அசல் லில்லி காட்டுச் செடியாக வளர்கிறது. நீலகிரி லில்லி என்றே பெயர். இந்தப் பேரினம் உலகில் இயற்கையாக வளரும் தெற்கெல்லை அதுதான். நான் திண்டுக்கல்காரன். கொடைக்கானலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட அதைக் கவனித்ததில்லை. கனடாவுக்கு வந்து லில்லியைப் பற்றிப் படிக்கும்போதுதான் தெரிந்தது.

இங்கே ஒன்ராரியோவில் வேறொரு குழப்பம். சாலையோரப் பள்ளங்களில் ஜூலை மாதம் கூட்டம் கூட்டமாக ஆரஞ்சுப் பூ பூக்கும். பலர் அதைத்தான் புலி லில்லி என்கிறார்கள். அது டே லில்லி, ஒரு பூ ஒருநாள்தான் நிற்கும், வேறு குடும்பம். வேறுபாடு காண பூவைப் பார்க்கவே வேண்டாம், இலையைப் பார்த்தால் போதும். டே லில்லியில் இலையெல்லாம் புல்லைப் போல அடியிலிருந்து கிளம்பும், பூத்தண்டு மொட்டையாக இருக்கும். அசல் லில்லியில் நிமிர்ந்த ஒரே தண்டு, கீழிருந்து மேல்வரை அதில் இலைகள்.

மண்ணுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. லில்லிக் கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் உரித்த பூண்டு மாதிரி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சதைப்பற்றான செதில்கள். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் மேலே சருகு மாதிரி தோல் இருக்கிறதல்லவா, லில்லிக்கு அது கிடையாது. சின்ன வெங்காயத்தைக் கொத்தாகக் கட்டி மாதக்கணக்கில் தொங்கவிடுகிற ஊரில் பிறந்தவனுக்கு இது புரியக் கொஞ்ச நாளாயிற்று. கிழங்குதானே என்று இரண்டு வாரம் மேசைமேல் போட்டு வைத்தால் சுருங்கிப்போகும். தோண்டிய கிழங்கு ஈரம் காயாமல் உடனே மண்ணுக்குள் போக வேண்டும்.

பழைய ரகம் என்றால் என்ன?

பாரம்பரிய நெல்லைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறோம். மாப்பிள்ளைச் சம்பாவைக் காப்பது என்றால் அதன் விதையைப் போட்டு, அறுத்து, அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைப்பது. விதையிலிருந்து வருவதும் மாப்பிள்ளைச் சம்பாவாகவே இருக்கும். பெயரிட்ட தோட்ட லில்லியில் இது நடக்காது. அதன் விதையைப் போட்டால் வருவது அதன் பிள்ளை. நிறம் வேறாக இருக்கும், உயரம் வேறாக இருக்கும். நல்ல பூவாகவும் இருக்கலாம், ஆனால் அது அந்த ரகம் இல்லை.

லில்லி ரகத்துக்குச் சரியான ஒப்புமை வாழை. பக்கக்கன்றைப் பிரித்துத்தானே வாழை வைக்கிறோம்? தாய்வாழையின் உடம்பில் ஒரு துண்டுதான் கன்று. லில்லியும் அப்படித்தான். யாரோ ஒருவர் என்றோ இரண்டு செடிகளுக்கு மகரந்தம் சேர்த்து விதை எடுத்தார். முளைத்த நூற்றுக்கணக்கான நாற்றுகளில் ஒன்றே ஒன்று கண்ணைப் பறித்தது. அதற்குப் பெயர் வைத்தார். அன்று முதல் இன்றுவரை அந்தப் பெயரில் உலகில் எங்கே எந்தச் செடி இருந்தாலும் அது அந்த ஒரே நாற்றின் துண்டுதான். ஒரே செடி ஆயிரம் தோட்டங்களில் வாழ்கிறது. ஆயிரம் தோட்டமும் கைவிட்டால் செத்துப்போவதும் அந்த ஒரே செடிதான். திரும்ப உண்டாக்க முடியாது. அதே தாய் தந்தையை வைத்து மறுபடி மகரந்தம் சேர்த்தாலும் வருவது அண்ணன் தம்பிதானே தவிர அதே ஆள் இல்லை.

ஒரு கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். 1910இல் ஏர்னஸ்ட் வில்சன் என்ற தாவர சேகரிப்பாளர் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் மின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே வெளியே ஒயின் நிறமும் உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாக, நாதஸ்வர அணசு மாதிரி விரிந்த லில்லி ஒன்று காட்டில் பூத்துக் கிடந்தது. ரீகல் லில்லி. கிழங்குகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பும் வழியில் மலைச்சரிவில் பாறைகள் உருண்டு அவர் காலை நொறுக்கிவிட்டன. கேமராவின் முக்காலியைக் கட்டையாக வைத்துக் காலைக் கட்டினார்கள். பாதை குறுகல், எதிரே ஒரு கோவேறு கழுதைக் கூட்டம், ஒதுங்க இடமில்லை. படுத்திருந்தவரை ஒவ்வொரு கழுதையாகத் தாண்டிப் போனது, ஒரு குளம்புகூட அவர்மேல் படவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். அதை லில்லி நொண்டல் என்று அவரே சொல்வாராம்.

ரீகல் லில்லி இயற்கை இனம். விதையிலிருந்து அப்படியே வரும், சீக்கிரம் வரும், எனவே அதற்குப் பயமில்லை. ஆனால் அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்து இங்கே ஒன்ராரியோவில் பிறந்த ஒரு மகள் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து 1912இல் கனடாவுக்கு வந்தவர் இசபெல்லா பிரெஸ்டன். குவெல்ஃப் நகர வேளாண் கல்லூரியில் பூக்களைக் கலந்து பார்த்தார். ரீகலையும் சார்ஜென்ட் லில்லி என்ற இன்னொரு சீன இனத்தையும் சேர்த்து அவர் எடுத்த வெள்ளை நாதஸ்வரப் பூவுக்கு, கல்லூரித் தலைவர் பெயரில், ஜார்ஜ் சி. கிரீல்மன் என்று பெயர் வைத்தார்கள். அது விதையில் வராது. யாராவது கிழங்கைப் பிரித்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு.

பிரெஸ்டன் 1920இல் ஒட்டாவாவில் உள்ள மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் சேர்ந்தார். அங்கே அவர் உருவாக்கிய ஒரு வரிசை லில்லிகளுக்கு வைத்த பெயர்கள்தான் எனக்குப் பிடித்தவை. ராணி பெயர் இல்லை, தெய்வப் பெயர் இல்லை. பண்ணை அலுவலகத்தில் சுருக்கெழுத்து எழுதிய பெண்களின் பெயர்கள். ஸ்டெனோகிராஃபர் லில்லிகள் என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த இன்னொரு வரிசைக்குப் போர் விமானங்களின் பெயர்கள். இந்தப் பூக்களில் இன்று கைக்குக் கிடைப்பவை மிகச் சில.

லண்டனில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கம்தான் உலக லில்லிப் பெயர்களுக்கெல்லாம் பதிவேடு வைத்திருக்கிறது. யார் எப்போது எந்த இரண்டைச் சேர்த்தார், பூ எப்படி இருக்கும் என்று வரிவரியாக இருக்கும். ஆனால் அது பெயர்ப் பதிவேடுதான், தோட்டமில்லை. பெயர் புத்தகத்தில் இருக்கும், செடி எங்கேயும் இருக்காது. பழைய லில்லிகள் மறைவது இப்படித்தான்.

ஏன் மறைகின்றன

பூக்கடைக்காரர்மேல் பழி போடலாம், அதில் பாதி நியாயமும் உண்டு. வெட்டி விற்கும் பூவுக்கு என்ன வேண்டும்? முகம் மேலே பார்க்க வேண்டும், பெட்டியில் அடுக்க வேண்டும், கண்ணாடிக்கூடத்தில் சொன்ன வாரத்தில் பூக்க வேண்டும். பழைய லில்லிகள் பக்கவாட்டில் பார்க்கும், தலை குனியும், ஐந்தடி வளர்ந்து காற்றில் ஆடும். தோட்டத்தில் அது அழகு, பெட்டிக்குள் தொந்தரவு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யான் டி கிராஃப் என்ற டச்சுக் குடும்பத்துக்காரர் 1940களில் வெளியிட்ட என்சான்ட்மென்ட் என்ற ஆரஞ்சு லில்லி நிமிர்ந்து பார்க்கும் ரகம். ஒரு காலத்தில் பூக்கடை லில்லி என்றாலே அதுதான். பிறகு வாசனையும் இளஞ்சிவப்புமாக ஸ்டார்கேஸர் வந்தது. என்சான்ட்மென்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. விற்காத கிழங்கைப் பண்ணைகள் வளர்க்காது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு பாதி வைரஸ். இதுதான் உண்மையான எமன், இதைப் பற்றித்தான் புதிதாக வளர்ப்பவர்களிடம் யாரும் முதலில் சொல்வதில்லை.

மறுபடி வாழைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையில் விளையும் விருப்பாட்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் எப்படி அழித்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வைரஸ் நோய் அது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்தில் சாறு உறிஞ்சி, அடுத்த மரத்துக்குப் பரப்பும். அதைவிட மோசம், நோயுள்ள தாயிடம் எடுத்த கன்றிலும் நோய் இருக்கும். நல்ல ரகம் என்று ஆசைப்பட்டுப் பத்துப் பேருக்குக் கன்று கொடுத்தால் பத்து இடத்துக்கும் நோய் போகும்.

லில்லியில் அச்சு அசலாக இதே கதை. வைரஸ் பெயர்கள் வேறு, அசுவினி அதே. இலையில் நீளவாக்கில் வெளிறிய கோடுகள், திட்டுத்திட்டாகப் பச்சை மங்குவது, இலை முறுக்கிக்கொள்வது, பூவில் நிறம் சிதறுவது, மொட்டு கோணுவது, வருஷத்துக்கு வருஷம் செடி குட்டையாவது. இவைதான் அறிகுறிகள். மருந்து கிடையாது. கிழங்கு, செதில், இலையிடுக்கு மணி எல்லாவற்றிலும் வைரஸ் கூடவே போகும். விதையில் மட்டும் பெரும்பாலும் போகாது. இரும்புச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும், அதற்காகப் பயந்து பிடுங்கிவிட வேண்டாம். அப்போது நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மட்டும் ஒரே சீராக மஞ்சளாகவும் இருக்கும், அதுவும் இளம் இலைகளில். வைரஸ் கோடுகளில் அந்த ஒழுங்கு இருக்காது.

இப்போது என் நஷ்டக் கதை. லில்லி வளர்க்கும் நண்பர் ஒருவர் பழைய நாதஸ்வரப் பூ ரகம் ஒன்றில் இரண்டே இரண்டு கிழங்கு, பெயர்ச்சீட்டோடு கொடுத்தார். நல்ல வெயில், நல்ல வடிகால் இருக்கும் இடம் எங்கள் தோட்டத்தில் ஒன்றுதான். அங்கே ஏற்கெனவே பாட்டி கொடுத்த புலி லில்லி நிற்கிறது. பக்கத்திலேயே வைத்தேன். முதல் வருஷம் அருமையாகப் பூத்தது. இரண்டாம் வருஷம் இலையில் கோடு. மூன்றாம் வருஷம் மொட்டெல்லாம் கோணல். புலி லில்லி மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி ஜம்மென்று நின்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

புலி லில்லியின் சூட்சுமம் இதுதான். அது சீனா, கொரியா, ஜப்பானில் கிழங்குக்காகச் சமையலுக்கே வளர்த்த செடி. வில்லியம் கெர் என்ற தோட்டக்காரர் 1804இல் சீனாவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். மணிகளாலேயே பெருகியதால் சில வருஷங்களில் ஆயிரக்கணக்கில் ஊரெங்கும் போய்விட்டது. நமக்குக் கிடைக்கும் வழக்கமான புலி லில்லிக்கு மும்மடங்கு குரோமோசோம், தன் விதை வைக்காது. அதாவது வைரஸை வடிகட்டும் இயற்கையான ஒரே வழியும் அதற்கு அடைபட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வைரஸைச் சுமந்துகொண்டே, தனக்கு ஒன்றும் ஆகாமல், அசுவினி மூலமாகப் பக்கத்து லில்லிக்குக் கொடுக்கும். எல்லாப் புலி லில்லியிலும் வைரஸ் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இருப்பதாகவே வைத்துக்கொள்வது நல்லது.

அதனால் புலி லில்லியைத் தூக்கி எறிய வேண்டுமா? நான் எறியவில்லை. வீட்டின் முன்பக்கம் ஒரு மூலையில் தனியாக இருக்கிறது. மற்ற லில்லிகள் பின்பக்கம். அசுவினிக்கு இறக்கை உண்டு, வீட்டைச் சுற்றி வர முடியாதா என்று நண்பர் கேட்டார். முடியும். நான் செய்வது ஆபத்தைக் குறைப்பது மட்டும்தான். நீங்கள் அபூர்வமான ரகம் வைத்திருந்தால் புலி லில்லியே வேண்டாம் என்பதுதான் சரியான அறிவுரை. நான் கொஞ்சம் பாசத்துக்குக் கட்டுப்பட்டவன். கோணல் மொட்டு வந்த அந்த இரண்டு செடிகளையும் கிழங்கோடு எடுத்துக் குப்பைப் பையில் கட்டிப் போட்டேன். உரக்குழியில் போடவில்லை, அங்கே கிழங்கு மறுபடி முளைத்துவிடும்.

பெருக்குவது எப்படி

அடுத்த பூவுக்காக மட்டும் லில்லி வைப்பவருக்கு நடுவது போதும். ரகத்தைக் காப்பாற்ற நினைப்பவர் பெருக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு கிழங்கை வைத்துக்கொண்டு காப்பாற்றுகிறேன் என்றால், ஓர் அணில் போதும், கதை முடிந்தது.

சுலபமான வழி பிரிப்பது. மூன்று நான்கு வருஷத்தில் தண்டுகள் நெருக்கமாகி, பூ சிறுத்தால், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் முழுக் கொத்தையும் கிளறி எடுங்கள். இரண்டு மூன்று கிழங்குகள் ஒட்டியிருக்கும். கையால் திருகினாலே பிரியும்.

இலையிடுக்கு மணி எல்லா லில்லியிலும் வராது. வருகிற ரகத்தில் ஆகஸ்டில் பொறுக்கி, ஓர் அங்குல ஆழத்தில் போட்டுவிட வேண்டியதுதான். முதல் வருஷம் ஒரே ஓர் இலை வரும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். நான் ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கியிருக்கிறேன்.

அசல் வித்தை செதில் உரிப்பதுதான். ஒரு கிழங்கை இருபது முப்பது செடியாக்கலாம், பெரிய பண்ணைகளும் இப்படித்தான் செய்கின்றன. கிழங்கைத் தோண்டிக் கழுவுங்கள். வெளிவட்டச் செதிலைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக வளைத்தால் 'டக்' என்று உடையும். அடித்தட்டோடு ஒட்டி உடைய வேண்டும், நடுவில் முறியக் கூடாது, ஏனென்றால் குட்டி பிறப்பது அந்த அடிவிளிம்பில்தான். வெளிப்பக்கம் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ எடுத்துவிட்டு மிச்சக் கிழங்கைத் திரும்ப நட்டுவிடலாம், அது அடுத்த வருஷமும் பூக்கும். அழுகல், புள்ளி உள்ள செதிலைக் கழித்துவிடுங்கள்.

நல்ல செதில்களை, செடித்தொட்டியில் மண்ணோடு கலக்கும் வெர்மிகுலைட்டோ பீட் மாஸோ ஈரமாகப் போட்ட ஜிப் கவரில் கலந்து வையுங்கள். ஈரம் என்றால் கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத ஈரம். புட்டுக்கு மாவு பிசிறும் பதம் என்றால் நம்மவர்களுக்குப் புரியும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கொதிகலன் பக்கத்து அலமாரி. ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு செதிலின் அடியிலும் அரிசி அளவில் தொடங்கி, பட்டாணி அளவுக்கு ஒன்றிரண்டு குட்டிக் கிழங்குகள் வெள்ளையாகத் திரண்டிருக்கும். முதல் தடவை அந்தக் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, வேலைக்குப் போக வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

பிறகு அதே கவர் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் குளிர் பட்டால்தான் குட்டி விழித்து இலை விடும். குளிர்காலம் போய்விட்டது என்று நம்ப வைக்கிறோம். வசந்தத்தில் தொட்டியில் நட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் பூ.

விதை வழி இயற்கை இனங்களுக்கு. ரீகல் விதை போட்ட சில வாரத்தில் முளைத்து, இரண்டு மூன்று வருஷத்தில் பூத்துவிடும். தொடக்கக்காரர்களுக்கு இதைவிட நல்ல செடி இல்லை. வைரஸ் இல்லாமல் புதிதாகத் தொடங்கலாம். மார்டகன் என்ற லில்லி இனம் போன்றவை வேறு மாதிரி. முதலில் மண்ணுக்குள்ளேயே கிழங்கு கட்டும், ஒரு குளிரைப் பார்த்த பிறகுதான் வெளியே இலை காட்டும், பூக்க ஐந்து வருஷத்துக்கு மேல்கூட ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

நோய் பிடித்த அபூர்வ ரகத்துக்கு வழியே இல்லையா என்றால், ஆய்வகத்தில் உண்டு. செடியின் வளர்நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கில் வைரஸ் பெரும்பாலும் எட்டியிருக்காது. அதை வெட்டித் திசு வளர்ப்பில் செடியாக்குவார்கள். வீட்டில் முடியாது, செலவும் அதிகம். எந்தப் பழைய ரகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் என்பது அதை விரும்பும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

நடுவதும் காவல் காப்பதும்

நடுவதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் கிழங்கு அழுகும். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். ஏன் அத்தனை ஆழம் என்றால், பெரும்பாலான லில்லிகள் கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலும் வேர் விடும். தலைக்கு வெயில், காலுக்கு நிழல். பூத்து முடிந்ததும் காயைக் கிள்ளிவிடுங்கள், தண்டை மட்டும் வெட்டாதீர்கள். அந்த இலைகள் சமைத்துப் போடுவதைத்தான் கிழங்கு சேர்த்து வைக்கிறது. ஜாடிக்குப் பூ வேண்டுமென்றால் தண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

விதிவிலக்கு, எல்லாவற்றிலும் பழைய தோட்ட லில்லியான மடோனா லில்லி. கிரீட் தீவில் மூவாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முந்தைய சுவரோவியங்களில் வெள்ளை லில்லி இருக்கிறது. மாதா படங்களில் தேவதூதர் கையில் பிடித்திருக்கும் வெள்ளைப் பூவும் இதுதான். இதற்கு மூன்று மடங்கு ஆழம் எல்லாம் ஆகாது, தலைக்கு மேல் இரண்டு விரல் மண் போதும். நடும் காலமும் ஆகஸ்ட். குளிர்காலம் முழுக்கத் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தை வைத்துக்கொண்டிருக்கும். ஊரோடு ஒத்துப்போகாத பெரிய மனுஷி.

காவல் என்றதும் சிவப்பு வண்டைச் சொல்லாமல் முடியாது. குன்றிமணியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கால் முளைத்தால் இந்த வண்டு. முதுகு பளீர் சிவப்பு, தலையும் காலும் வயிறும் கறுப்பு. ஐரோப்பாவிலிருந்து வந்து 1940களில் மான்ட்ரியலில் தலைகாட்டியது, இப்போது ஒன்ராரியோவில் லில்லி இருக்கும் இடமெல்லாம் இருக்கிறது. நாம் கை வைக்கும் நேரத்தில் பொத்தென்று கீழே விழும், மல்லாக்க விழும். கறுப்பு வயிறு மேலே இருந்தால் மண்ணில் தெரியாதல்லவா? பிடித்து விரலிடுக்கில் அழுத்தினால் 'கீச்' என்று சத்தம்கூடப் போடும். அதனால் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை முதலில் இலைக்குக் கீழே பிடிக்க வேண்டும், அப்புறம் மேலிருந்து தட்ட வேண்டும். அதுவே வந்து விழும். இலையின் அடிப்பக்கம் வரிசையாக ஆரஞ்சு முட்டைகள் இருக்கும், கட்டைவிரலால் தேய்த்துவிடலாம். விட்டுவிட்டால் பொரிக்கும் புழு தன் கழிவையே முதுகில் பூசிக்கொண்டு, பறவைப் பீ மாதிரி வேஷம் போட்டு, ஒரு வாரத்தில் தண்டை மொட்டையடிக்கும். மே, ஜூன் மாதங்களில் காலைக் காப்பி எனக்குத் தோட்டத்தில்தான். ஒரு கையில் காப்பி, மறுகையில் சோப்புத் தண்ணீர். மாற்றிக் குடித்ததில்லை, இதுவரை.

அணிலுக்குக் கிழங்கின் மேல் கோழிவலையை விரித்து மண் போடலாம். மழைக் கோடையில் இலையில் பழுப்புப் புள்ளி வந்தால் அது பூஞ்சணம், வைரஸ் இல்லை. செடிகளுக்கு இடையே காற்றுக்கு இடம் விட்டு, தண்ணீரை இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றினால் கட்டுப்படும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டாம். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர், எது கொஞ்சம் உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். டே லில்லியும் இதில் அடக்கம்.

பெயரும் பங்கும்

செடியைக் காப்பாற்றிவிட்டுப் பெயரைத் தொலைப்பவர்கள்தான் அதிகம். பிளாஸ்டிக் சீட்டில் பேனாவால் எழுதினால் இரண்டு கோடையில் வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் பென்சிலால் அழுத்தி எழுதினால் நிற்கும். அதோடு ஒரு நோட்டில் பாத்தியின் வரைபடமும் இருக்கட்டும், பனி தள்ளும்போது தகடு எங்கேயாவது போய்விடும். பெயர் தெரியாத பழைய லில்லி கிடைத்தால் படத்தைப் பார்த்து, இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு பெயரைச் சூட்டிவிடாதீர்கள். தவறான பெயரோடு நாலு பேருக்குப் போனால் அசலைத் தேடுபவர்கள் அலைய வேண்டிவரும். யாரிடமிருந்து, எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதினால் போதும். என் தகட்டில் 'பக்கத்து வீட்டுப் பாட்டி, அவர் மாமியார் வழி' என்றுதான் இருக்கிறது.

காட்டிலிருந்து மட்டும் தோண்டாதீர்கள். இங்கே காட்டு லில்லிகள் உண்டு, அவற்றில் ஒன்று சஸ்காச்சுவான் மாகாணத்தின் சின்னம். பிடுங்கி வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. லில்லிப் பிரியர்களின் சங்கங்கள் இருக்கின்றன, வட அமெரிக்க லில்லிச் சங்கம் 1947 முதல் இயங்குகிறது. விதைப் பரிமாற்றமும் கிழங்கு ஏலமும் அங்கெல்லாம் நடக்கும். பழைய ரகங்களை நம்பிக்கையோடு வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. புதிதாக வந்த கிழங்கை ஒரு வருஷம் தொட்டியில் தனியாக வைத்து, இலையில் கோடு வராததைப் பார்த்த பிறகு பாத்திக்குள் விடுங்கள். நான் படித்த பாடத்துக்கு நீங்கள் மறுபடி காசு கட்ட வேண்டாம்.

சுத்தமான கிழங்கு பெருகினால் உடனே இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்துவிடுங்கள், ஊருக்கு நல்லது செய்ய அல்ல, உங்களுக்காகவே. நாதஸ்வரப் பூ ரகத்தை நான் தொலைத்த கதையில் ஒரு வால் உண்டு. முதல் வருஷம், கோடு எதுவும் தெரிவதற்கு முன், செதில் உரித்துப் பழகலாமே என்று எட்டுச் செதில் எடுத்து, அதில் வந்த குட்டிகளில் பாதியை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் நண்பருக்குக் கொடுத்திருந்தேன். என்னிடம் மிச்சமிருந்தவை நோயில் போயின. அவரிடம் இருந்தவை போகவில்லை. போன அக்டோபரில் அவர் ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார், அதே பெயர் எழுதிய தகட்டோடு. ஒரு வருஷத் தனிக்காவலுக்காக அது தொட்டிக்குள் போவதற்கு முன்னால் வெளிச்செதில் பத்து உரித்துக்கொண்டேன்.

அந்தக் கவர் சனவரியில் ஃபிரிட்ஜில், தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சாம்பாருக்குக் காய் தேடும்போது அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, உரிச்ச பூண்டுல மண்ணைப் போட்டு வச்சிருக்க?"

இப்போது கவரின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: பூண்டு இல்லை.